திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பைத்தான் வகுப்பு: முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விமரிசனம் படிக்க வருகிறவர்களுக்கு வேண்டியது அதுதானே. கட்டிய காசு வீண் இல்லை. ஆனால் கட்டிய காசு மொத்தமும் செரித்ததா என்றால் அதுவும் இல்லை. பைத்தான் என்பது கணினிக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற ஒரு நிரல்மொழி. அதற்கான மூன்று மாத வகுப்பில் முதல் மாதம் தங்கம். இரண்டாம் மாதம் பரவாயில்லை. மூன்றாம் மாதம் ஏசி காற்று வாங்கியதுதான் மிச்சம், அந்த ஏசியும் பாதி நாள் ஓடாது.

இடம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே முதல் மாடியில் வகுப்பு. பெயர் போடப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், சொல்லிக்கொடுத்த மிஸ் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார். தவிர, மஞ்சக்குப்பத்தில் விசாரித்தேன், புதுச்சேரியிலும் ஒரு இடத்தில் விசாரித்தேன். எல்லா இடத்திலும் போர்டில் அதே பெயர்கள், அதே வரிசை: சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், டாலி, ஃபுல் ஸ்டாக். புதுச்சேரியில் கட்டணம் கூட, பஸ்ஸில் போய்வரும் நேரமும் கூட. அதனால் ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் ஓரளவு பொருந்தும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாது. பி.காம். படித்தவள். பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், வீடு கடலூரில். டாலி தலைகீழாகத் தெரியும், எக்செல் வேண்டிய அளவு தெரியும். கொட்டை மூட்டை வந்து இறங்கும்போது லாட்டுக்கு லாட் சாம்பிள் எடுத்து வெட்டிப் பார்த்து, எவ்வளவு பருப்பு தேறும் என்று கணக்குப் போடுவோம். அதை அவுட்டர்ன் என்போம். 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்று சொல்வது வழக்கம். ஐவரி கோஸ்ட் சரக்கு, தான்சானியா சரக்கு, நம்ம ஊர் சரக்கு என்று எது வந்தாலும் இதே கணக்குதான். தினமும் அதே வாய்ப்பாட்டை அதே கட்டங்களில் இழுத்து இழுத்து விடுவது சலித்துப் போய்தான் வகுப்பில் சேர்ந்தேன். ஐடி வேலைக்குப் போகிற எண்ணம் இல்லை. மேஜையில் இருந்த பையன் கடைசிவரை அதை நம்பவில்லை.

மேஜைப் பையனைப் பற்றிப் பிறகு. முதலில் மிஸ்.

வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் அக்கா. முதல் வகுப்பில் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே விடவில்லை. கோடு போடாத தாளில் பென்சிலால் மூன்று பத்தி கிழிக்கச் சொன்னார். முதல் பத்தியில் எந்த வரி ஓடுகிறது, இரண்டாவதில் ‘மூட்டை’, மூன்றாவதில் ‘மொத்தம்’. போர்டில் ஒரு சின்ன நிரல் (புரோகிராம்) எழுதினார். மொத்தம் சுழியில் தொடங்குகிறது. 12, 15, 9 என்று மூன்று லாட். ஒவ்வொரு லாட்டாக எடுத்து மொத்தத்தில் கூட்டு. (லாட் என்பது எனக்காகப் போட்ட எடுத்துக்காட்டு. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அதையே கிரிக்கெட் ஓட்டம் என்றார்.) ‘மொத்தம் = மொத்தம் + மூட்டை’ என்ற வரியைப் பார்த்ததும் கணக்குப் பார்க்கிற யாருக்கும் உறுத்தும். இரண்டு பக்கமும் எப்படிச் சமமாகும்? மிஸ் அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. “வலது பக்கத்தை மட்டும் கையால் மூடாமல் விடுங்கள், இடது பக்கத்தை மூடுங்கள். வலதில் என்ன வருகிறது?” சுழியும் பன்னிரண்டும், பன்னிரண்டு. “இப்போது கையை எடுங்கள். வந்த விடையை அந்தப் பெயரில் வையுங்கள். பழையதை அடித்துவிடுங்கள்.” மூன்றாவது பத்தியில் 0 அடிபட்டு 12, அது அடிபட்டு 27, அதுவும் அடிபட்டு 36.

அதன் பிறகுதான் உண்மையான பாடம். மொத்தத்தைச் சுழியாக்குகிற வரியை மடக்குக்குள் (ஒவ்வொரு லாட்டுக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதி, லூப்) நகர்த்திவிட்டு, மறுபடி பென்சிலால் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் சுழியாகி, 12, அப்புறம் 15, கடைசியில் 9 என்று நின்றது. விடையைத் திரையில் காட்டுகிற வரியை உள்ளே தள்ளினால் மூன்று விடை வருகிறது, வெளியே இழுத்தால் ஒன்றுதான். பைத்தானில் எந்த வரி உள்ளே, எந்த வரி வெளியே என்பதைத் தீர்மானிப்பது இடது ஓரத்தில் விடுகிற இடைவெளிதான். சி மாதிரி மொழிகளில் அதற்கு நெளிவு அடைப்புக்குறி உண்டு, இதில் கிடையாது. நாலு இடம் தள்ளினால் உள்ளே, தள்ளாவிட்டால் வெளியே. இதைப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தில் படித்துவிட்டுப் போய்விடலாம். 36 வர வேண்டிய இடத்தில் 9 வந்ததைக் கையால் எழுதிப் பார்த்தவருக்கு அது மறக்காது.

இந்தப் பென்சில் வேலை முதல் மாதம் முழுவதும் இருந்தது. கல்லூரிப் பெண்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை, “எல்கேஜி மாதிரி இருக்கு மிஸ்” என்றார்கள். அவர்களும் இரண்டாவது வாரத்தில் கேட்காமலே பத்தி கிழித்தார்கள்.

மிஸ்ஸின் இன்னொரு பழக்கம், சிவப்பில் பிழைச்செய்தி வந்தால் யாரும் உடனே அவரைக் கூப்பிடக் கூடாது. முதலில் கடைசி வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பைத்தான் பிழைச்செய்தி மேலிருந்து கீழே வரும். என்ன பிழை என்பது கடைசி வரியில்தான் இருக்கும், எந்த வரியில் நடந்தது என்பது அதற்குச் சற்று மேலே. புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் வரியிலேயே மிரண்டு திரையை மூடிவிடுவார்கள். பெயர்ப் பிழை என்று வந்தால், நீங்கள் வைக்காத பெயரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். வகைப் பிழை என்று வந்தால், எண்ணையும் எழுத்தையும் சேர்த்துக் குழப்பியிருக்கிறீர்கள். இந்த இரண்டைப் பிரித்தறியத் தெரிந்தாலே ஆரம்பத்தில் வருகிற சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்தது. எங்கள் பேட்சில் ஒரு பிளஸ் டூ பையன், கோயில் மணியக்காரர் மாதிரி, யாருடைய திரை சிவந்தாலும் எழுந்து வந்து கடைசி வரியை வாசித்துவிட்டுப் போவான்.

எண்ணும் எழுத்தும் குழம்புவதற்கு நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்தது. டின் எடையைக் கேட்டு வாங்கி, இரண்டு டின்னைக் கூட்டிச் சொல்கிற நிரல். பத்தும் பத்தும் கொடுத்தால் 1010 என்று வந்தது. பயனர் தட்டச்சு செய்வது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்துச் சரமாகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளின் கோவையாகத்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு சரத்தைக் கூட்டினால் ஒட்டிவிடும். மூன்றால் பெருக்கினால் 101010. அதை எண்ணாக மாற்று என்று நாம்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் மிஸ் உடனே விடையைச் சொல்லாமல், 1010 கிலோ டின்னை யார் தூக்குவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரும்போது பாதிப் பேர் கண்டுபிடித்திருந்தார்கள்.

‘இருந்தால், இல்லாவிட்டால்’ பாடத்துக்கு முந்திரியைவிடப் பொருத்தமான சரக்கு உலகத்தில் இல்லை, இதை நான் அடித்துச் சொல்வேன். முழுப் பருப்பின் ரகம் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கிறது என்பதை வைத்து. 170 முதல் 180 நின்றால் 180 ரகம், அதுதான் பெரியது, விலையும் அதற்குத்தான். 200 முதல் 210 வரை 210 ரகம். 220 முதல் 240 வரை 240 ரகம். 300 முதல் 320 வரை 320 ரகம், கடைகளில் அதிகம் விற்பது அதுதான். 400 முதல் 450 என்றால் பொடிசு. எண்ணிக்கை குறையக் குறையப் பருப்பு பெரிசு. இதை நிரலாக எழுதும்போது மிஸ் வேண்டுமென்றே வரிசையை மாற்றிப் போட்டார். முதல் கேள்வி, எண்ணிக்கை 320-க்குள் இருக்கிறதா? ஆம் என்றால் 320 ரகம். அடுத்த கேள்வி, 180-க்குள் இருக்கிறதா? ஓட்டிப் பார்த்தால் 320-க்குள் எதைக் கொடுத்தாலும் 320 ரகம். அரசன் மாதிரி பருப்பெல்லாம் 320 விலைக்குப் போகிறது. ஏனென்றால் 175 என்பதும் 320-க்குள்தான், முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்கிறது, அடுத்த கேள்விக்குப் போகவே போகாது. சிறியதிலிருந்து கேட்டு வந்தால்தான் சரியாகும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும். இந்த ரகப் பிழைதான் ஆபத்து என்று அன்றைக்குச் சொன்னார், பணம் புழங்குகிற இடத்தில் வேலை செய்கிற எனக்கு அது வயிற்றில் புளியைக் கரைத்தது.

அதே வாரத்தில் இன்னொன்று. பக்கத்து முழு எண்ணுக்குத் திருத்து (round) என்று சொன்னால் பைத்தான் 3.5-ஐ 4 ஆக்குகிறது. சரி. 2.5-ஐ 2 ஆக்குகிறது! பாதி வந்தால் மேலே போவதுதான் நாம் பள்ளியில் படித்தது. பைத்தான் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் சாய்க்கும். பாதியை எப்போதும் மேலேயே தள்ளினால் நீண்ட பட்டியலில் மொத்தம் கூடிக்கொண்டே போகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பில் போடக் கூடாது. புள்ளி ஒன்றும் புள்ளி இரண்டும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதும் இந்தக் குடும்பம்தான். கம்ப்யூட்டர் எண்ணை இரண்டின் அடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைத்துக்கொள்கிறது, அதில் புள்ளி ஒன்றைத் துல்லியமாக எழுத முடியாது. மிஸ்ஸின் யோசனை, ரூபாயை விடுங்கள், எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைத்துக் கணக்குப் போடுங்கள், காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

இனி குறைகள்.

கணினிகள். எல்லாம் விண்டோஸ் 7. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். நஷ்டம் இருக்கிறது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைத்தான் பதிப்பு 3.8. அதற்கான ஆதரவே 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து பிழைச்செய்திகளை நிறையத் திருத்தியிருக்கிறார்கள். வரியின் கடைசியில் முக்காற்புள்ளி விட்டுப்போனால், இங்கே முக்காற்புள்ளி வர வேண்டும் என்று புதிய பதிப்பு சொல்லிவிடும். பழையது ‘தொடரமைப்பு தவறு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். ஆரம்பத்தில் இருப்பவருக்குத்தான் அந்த உதவி தேவை, அவருக்குத்தான் அது இல்லை. இதில் இன்னொரு கூத்து, என் இருக்கையில் இருந்த விசைப்பலகையில் முக்காற்புள்ளிக் குறியே தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. பைத்தானில் அந்தக் குறி இல்லாமல் ஒரு ‘இருந்தால்’ எழுத முடியாது, ஒரு மடக்கு எழுத முடியாது. எத்தனை பேர் தட்டித் தட்டித் தேய்த்திருக்க வேண்டும்! யாரோ ஒரு புண்ணியவான் மருதாணிச் சிவப்பு நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். நிர்வாகம் ஒரு புது விசைப்பலகை வாங்கியிருக்கலாம், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

நோட்ஸ். ஸ்பைரல் போட்டு ஐம்பது பக்கம், கட்டணத்தில் சேர்த்தி. திறந்தால் திரையில் காட்டும் கட்டளை அடைப்புக்குறி இல்லாமல் இருக்கிறது. அது பைத்தான் 2. பைத்தான் 3 வந்தது 2008-இல், பைத்தான் 2-க்கான ஆதரவை 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். நோட்ஸை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. முதல் பக்கத்து நிரலை அப்படியே அடித்தால் முதல் வரியிலேயே பிழை வரும். தனியாக வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்கிற பிள்ளை, தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்ளும். மிஸ் எல்லோரையும் பேனா எடுக்கச் சொல்லி, பக்கம் பக்கமாக அடைப்புக்குறி போடவைத்தார். மேலிடத்தில் சொல்லியும் மாற்றவில்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் பாதி கணினிகளுக்குத்தான் தாங்கும். ஐப்பசி கார்த்திகையில் கலெக்டர் மழை விடுமுறை விட்டால் வகுப்பும் கிடையாது, அது நியாயம். ஆனால் அந்த வகுப்புகளுக்கு ஈடு கிடையாது, அது நியாயமில்லை. கடலூரில் மழை எப்போது வரும் என்பது வகுப்பு நடத்துகிறவருக்குத் தெரியாததா.

மேஜைப் பையன். சட்டையில் கவுன்சிலர் என்று பேட்ஜ். சேர வரும்போது நாற்காலி போடுவான், சேர்ந்த பிறகு ‘மேலே ஏதாவது எடுக்கிறீங்களா அக்கா’ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதுகிற படிப்பு) எடுத்தால் வேலை நிச்சயம் என்றான். எனக்குத்தான் வேலை இருக்கிறதே என்றால், இன்னும் நல்ல வேலை என்கிறான். எந்த வேலை, எந்த ஊரில், யாருக்கு வாங்கிக்கொடுத்தீர்கள் என்று கேட்டதற்குச் சுவரில் ஒட்டியிருந்த புகைப்படங்களைக் காட்டினான். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் என்பதைக் கடைசி மாதத்தில்தான் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கணக்கு காட்ட வேண்டிய பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் மாதம் பட்டியல், அகராதி, செயற்கூறு (ஃபங்ஷன்), கோப்பு. மிஸ்தான் எடுத்தார், ஆனால் பாடத்திட்டம் துரத்துகிறது, பென்சிலுக்கு நேரம் இல்லை. அகராதி மட்டும் நன்றாகப் பதிந்தது, ரகத்தைச் சொன்னால் விலையை எடுத்துக்கொடுக்கிற விஷயம் எங்கள் கடையில் தினமும் நடப்பதுதானே. செயற்கூறில் அவுட்டர்ன் கணக்கைப் போட்டேன். மூட்டைக்கு 48 பவுண்டு என்றால் பருப்பு 21 கிலோ 770 கிராம் சொச்சம், அதாவது 80 கிலோவில் 27 விழுக்காடு. இந்தக் கணக்கை ஒரு முறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், அப்புறம் பெயரைச் சொல்லிப் பவுண்டைக் கொடுத்தால் போதும்.

மூன்றாம் மாதம் ‘டேட்டா சயின்ஸ்’ என்று பலகையில் இருந்தது. வேறு ஒரு சார் வந்தார், ஸ்லைடு ஓட்டினார், வரைபடங்களைக் காட்டினார். இணையம் வேலை செய்யாததால் தேவையான நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) பாதிக் கணினிகளில் நிறுவ முடியவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

காசு கொடுக்காமல் படிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், நானே அக்கா மகளுக்கு அந்த வழியைத்தான் சொன்னேன். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் பைத்தானில்தான் இருக்கிறது, தமிழ்வழியிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் நான்கு பாடங்கள் கருத்தளவில் போகும், புதிதாகத் தொடுகிறவருக்குத் தலை சுற்றும். மாறிகளும் (மதிப்பை வைக்கிற பெயர்கள்) செயற்குறிகளும் (கூட்டல், கழித்தல் மாதிரி குறிகள்) வருகிற ஐந்தாம் பாடத்தில் பைத்தான் தொடங்குகிறது, அங்கே இறங்குங்கள். பதின்மூன்றாம் பாடம் சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்து எழுதிய பட்டியல், எக்செல்லிலும் திறக்கும்), கணக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு அதுதான் விருந்து. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் சி பிளஸ் பிளஸ், அதை எடுத்து வைத்துக்கொண்டு பைத்தானைத் தேடாதீர்கள். காணொளி வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழ்க் குரலிலேயே சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால் என்பிடெல்லில் (ஐஐடிகளின் இணைய வகுப்புத் தளம்) முழு வகுப்பே இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

நிரல் எழுதுகிற மென்பொருளில் வகுப்பில் பயன்படுத்தியது பைத்தானோடு சேர்ந்து வருகிற ஐடில் (IDLE). வீட்டில் நான் போட்டுக்கொண்டது தானி (Thonny). எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பநிலை மாணவர்களுக்காகவே செய்தது, பைத்தானும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நிரலை ஒவ்வொரு அடியாக ஓட்டி, எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். மிஸ்ஸின் பென்சில் பத்திகள் திரைக்கு வந்தது போலத்தான். இருந்தாலும் பென்சிலில் ஒரு மாதம் கிழித்தவருக்குத்தான் அது என்ன காட்டுகிறது என்று புரியும் என்பது என் அபிப்பிராயம். கணினி இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு இருக்கிறது, ஓடும், ஆனால் அந்தச் சின்னத் திரையில் இடைவெளி விட்டு எழுதுவது பொறுமைக்குச் சோதனை.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பேட்சிலேயே ஒரு பையன் கேட்டான். கேட்டது மட்டுமில்லை, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் அதில் வாங்கிக்கொண்டு வந்தான். மிஸ் திட்டவில்லை. அவன் கொண்டுவந்த நிரலைப் போர்டில் எழுதி, பென்சிலைக் கையில் கொடுத்து, “ஓட்டு” என்றார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். இதில் நான் யார் பக்கமும் பேசவில்லை, அவுட்டர்ன் கணக்கில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அது கொடுத்த நிரல் நன்றாகவே ஓடியது. பவுண்டையும் கிலோவையும் ஓரிடத்தில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தது முதல் மாதத்துப் படிப்பு.

தமிழில் எழுதுவது பற்றி இரண்டு விஷயம், வகுப்பில் சொல்லாதது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ‘விலை = 700’ என்று எழுதினால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் எழுத்து எண்ணச் சொன்னால் நம்பாதீர்கள். பண்ருட்டி நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது, புள்ளியையும் உகரத்தையும் இகரத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது. அப்புறம், தமிழ்ப் பெயர்களை சிஎஸ்வி கோப்பில் எழுதி எக்செல்லில் திறந்தால் பூச்சி பூச்சியாக வரும். கோப்பை எழுதும்போது குறியாக்கத்தை (எழுத்துகளை எந்த முறையில் சேமிப்பது என்பது) யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். எங்கள் வியாபாரிகள் பட்டியல் பூச்சியாக வந்ததைப் பார்த்து முதலாளி, “என்னம்மா, வைரஸா?” என்றார். இப்போது லாட் எடைச் சீட்டை என் அவுட்டர்ன் நிரலில் போட்டுத்தான் மாலையில் அவருக்கு அவுட்டர்ன் பட்டியல் போகிறது. எக்செல்லில் இழுத்துவிடுகிற வேலை போயிற்று, அந்த நேரத்தில் அவர் வேறு வேலை கொடுத்துவிட்டார் என்பது தனிக்கதை.

ஆக, யார் சேரலாம்? தினமும் கையில் ஒரே கணக்கு வைத்துக்கொண்டு அலுத்துப்போனவர்கள், தனியாக உட்கார்ந்தால் முதல் சிவப்பு வரியிலேயே எழுந்துவிடுகிறவர்கள், இவர்களுக்கு அந்த முதல் மாதம் கொடுத்த காசுக்கு மேலே. வேலை கிடைக்கும் என்று சேர்கிறவர்கள் வேண்டாம். ஏற்கெனவே பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்த பிள்ளைகளுக்கும் தேவையில்லை, புத்தகத்தைத் தூசு தட்டினால் போதும்.

மூன்று மாதத்துக்கும் மொத்தமாகக் கட்டினால் 7,500 ரூபாய், மாதாமாதம் என்றால் 3,000. மொத்தமாகக் கட்டினால் லாபம் என்று மேஜையில் சொல்வார்கள், கூட்டிப் பார்த்தால் சரிதான், ஆனால் கடைசி மாதத்தின் லட்சணத்தை மேலே எழுதியிருக்கிறேன். மாதக் கட்டணமாகவே கட்டுங்கள், நோட்ஸ் வேண்டாம் என்று சொல்லிக் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், எனக்குக் கழிக்கவில்லை. பெண்களுக்கு ஒரு தகவல், மாடிப்படி விளக்கு ஜெராக்ஸ் கடை மூடும்போது அணைந்துவிடும், கடைசி பேட்ச் முடிந்து இறங்கும்போது போனில் டார்ச் வேண்டும். சனி ஞாயிறு பேட்ச்சை நடத்துவது அந்த ஸ்லைடு சார். வார நாள் மாலை பேட்ச் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.